காலை வாந்தியும் கோணல் நடையும்

தலை வலிக்கிறது என்று சொல்லாத பிள்ளையும், வாந்தி எடுக்காத குழந்தையும், ஓடும்போது தடுக்கி விழாத சிறுவனும் எந்த வீட்டிலும் இல்லை. இவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டொரு நாளில் வந்த சுவடு தெரியாமல் போய்விடும் என்பதும், ஒவ்வொரு தலைவலிக்கும் ஆஸ்பத்திரியை நோக்கி ஓடத் தொடங்கினால் குடும்பம் நடத்த முடியாது என்பதும் தாய்மார் அனுபவத்தில் அறிந்தவையே. ஆகவே இந்த அத்தியாயத்தை வாசிப்பவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்: மூளைக்கட்டி அபூர்வமான வியாதி. அபூர்வமாக இருந்தும் அதற்கென ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. குழந்தைகளின் உடலில் உண்டாகும் கட்டிகளுள், இரத்தப் புற்றுநோயைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், மூளையில் தோன்றுவனவே மிகுதி; அவை அன்றாட உபாதைகளின் வேஷத்திலேயே வெளிப்படுவதால், பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள், வேறு பெயர்களால் அழைக்கப்பட்டு வேறு மருந்துகளால் வைத்தியம் செய்யப்படுகின்றன.

அந்த வேஷம் எப்படி அமைகிறது என்பதைச் சற்று நிதானமாகக் கவனிப்போம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் வாந்தி எடுக்கிறான். பித்தம் என்றோ, பூச்சித் தொந்தரவு என்றோ கருதி வயிற்றுக்கு மருந்து வாங்கித் தருகிறார்கள். பத்து நாள் கழித்து அவன் கண் சற்றே உள்நோக்கிச் செருகியிருப்பதாகத் தோன்ற, கண் வைத்தியரிடம் அழைத்துப் போகிறார்கள். அவரிடம் வாந்தியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கிறானே என்று பாட்டி சுளுக்கு வழிக்கச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்திலோ, எழுத்து கோணலாகிவிட்டது, வகுப்பில் தூங்கி வழிகிறான், சொன்னதைக் கேட்பதில்லை என்று ஆசிரியர் குறை கூறுகிறார். வீட்டில் அதற்காக இரண்டு அடியும் விழுகிறது. வயிற்றைப் பார்த்தவர் வயிற்றைச் சரியாகவே பார்த்தார். கண்ணைப் பார்த்தவரும் தம் சாஸ்திரப்படி குறை வைக்கவில்லை. ஆசிரியரும் கண்டதையே சொன்னார். ஆனால் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்த நான்கு குறிகளையும் ஒரே இடத்தில் கூட்டிப் பார்க்கக்கூடியவர் உலகத்தில் ஒருவரே. அவர் அந்தக் குழந்தையோடு தூங்கி எழுகிற தாயோ, தந்தையோ, பாட்டியோ ஆவார். தனித்தனியே அற்பமான குறிகள், விடாமல் தொடரும்போதும் ஒன்றோடொன்று சேரும்போதுமே அர்த்தம் பெறுகின்றன என்பதுதான் இந்த அத்தியாயம் முழுவதிலும் சொல்ல வந்த விஷயம்.

இந்த உண்மையைக் கிரமமாக ஆராய்ந்து, அதைச் சாதாரண ஜனங்களுக்கும் எட்டும்படி செய்த பெருமை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர்களுக்கு உரியது. அவர்கள் 74 ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பதிவாகியிருந்த 4,171 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2007-ல் வெளியிட்டார்கள். மண்டையோட்டினுள் கட்டி இருந்த குழந்தைகளில் தலைவலி 33 சதவீதத்தினரிடமும், குமட்டலும் வாந்தியும் 32 சதவீதத்தினரிடமும், நடைத் தடுமாற்றம் 27 சதவீதத்தினரிடமுமே கண்டறியும் காலத்தில் இருந்தன என்று அதில் கண்டார்கள். மூளையில் கட்டி என்றால் தலை வலித்தே தீரும் என்று நம்பியிருக்கும் நமக்கு இது ஒரு பெரிய பாடம். தலைவலிக்காகக் காத்திருப்பவர், மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளின் விஷயத்தில் வீணாகக் காத்திருப்பார். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடத்திலோ முதலிடம் பெற்றது தலைவலியன்று. தலை பெரிதாவதே 41 சதவீதத்துடன் முன்னே நின்றது.

இந்த ஆராய்ச்சியின் பயனாக, 2011-ல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற பெயரில் ஒரு பிரசார இயக்கம் அந்நாட்டில் தொடங்கிற்று. அதன் முக்கிய ஆயுதம் சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டை. ஐந்து வயதுக்கு உட்பட்டோர், ஐந்து முதல் பதினொன்று வரை, பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை என்று பிள்ளைகளை மூன்று பருவங்களாகப் பிரித்து, எந்தப் பருவத்தில் எந்தக் குறியைக் கவனிக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். குறி தோன்றிய நாளுக்கும் வியாதி இன்னதென்று தெரிந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம், இந்த ஆராய்ச்சிகளுக்கு முன்னே பாதிப்பேருக்கு 14 வாரத்துக்கும் மேலாக இருந்தது. இயக்கம் தொடங்கிய சமயத்தில் ஏறத்தாழ ஒன்பது வாரமாகவும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏழு வாரத்துக்கும் கீழாகவும் இறங்கிற்று. புது மருந்து ஒன்றையும் கண்டுபிடிக்காமல், பெற்றோருக்கும் குடும்ப வைத்தியருக்கும் ஒரே விஷயத்தை ஒரே சமயத்தில் ஞாபகமூட்டியதனாலேயே இவ்வளவு சாதிக்க முடிந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

இனி, குறிகள் ஏன் அவ்வாறு தோன்றுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், அவற்றை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியம் இராது. மூளையின் உள்ளறைகளில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்து, குறுகிய வழிகளினூடே இறங்கி, மூளையைச் சுற்றிப் பரவி, மீண்டும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வளர்ந்தவர்களிடம் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் சுரக்கிறது என்பர். குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை பின்தலையின் அடிப்பாகத்தில், சிறுமூளையையும் மூளைத்தண்டையும் ஒட்டியே தோன்றுகின்றன. அந்த நீர் இறங்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது. வழி அடைபட்டால் நீர் தேங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பேழையாதலால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது, தலையிலிருந்து இறங்கவேண்டிய இரத்தம் சற்றுத் தாமதிப்பதாலும், உறக்கத்தில் மூச்சு மெதுவாகி மூளையின் இரத்தக் குழாய்கள் விரிவதாலும், அந்த அழுத்தம் விடியற்காலையில் உச்சத்தை அடைகிறது. ஆகவேதான் குழந்தை தலைவலியோடு விழித்தெழுகிறது, அல்லது எழுந்தவுடன் வாந்தி எடுக்கிறது. எழுந்து நடமாடிய சிறிது நேரத்தில் தெளிந்து, இட்டிலியைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் பள்ளிக்கும் போய்விடுகிறது. இந்தத் தெளிவுதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. பள்ளிக்குப் போகப் பயந்து நடித்தான், நேரம் கடந்ததும் சரியாகிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும், கோடை விடுமுறையிலும் அந்த வாந்தி வருகிறதா என்று பார்த்தாலே நடிப்பு எது, நோய் எது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். வயிற்றுப்போக்கும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், வாந்தி மட்டும் காலைதோறும் வருமானால், அதற்கு வயிற்றைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம் என்ற எண்ணம் எழவேண்டும்.

கைக்குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுடைய மண்டையெலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணையாதவை. உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்தான் மூடுகிறது. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறும்போது தலையே விரிந்து இடம் கொடுத்துவிடுகிறது. வலியும் வாந்தியும் பிந்தித்தான் வரும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதங்களில் ஒரு சென்டிமீட்டர், அதன்பின் அரை சென்டிமீட்டர் என்ற கணக்கில் வளர்ந்து, ஓராண்டு நிறையும்போது 46 சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். ஒருமுறை அளந்த அளவைவிட, மாதந்தோறும் அளந்து எழுதிய அளவுகளின் போக்கே முக்கியம். தடுப்பூசி போடப் போகும் நாட்களில், எடையோடு தலையின் அளவையும் எடுத்து அட்டையில் குறித்துத் தரும்படி செவிலியம்மாவைக் கேட்டு வாங்கிக்கொள்வது எந்தத் தாய்க்கும் இயன்ற காரியம். உச்சிக்குழி, குழந்தை அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் புடைத்து இறுகியிருந்தால், அல்லது கருவிழிகள் கீழ்நோக்கி இறங்கி மேலே வெள்ளை விழி தெரிந்தால், அளவெடுத்துக்கொண்டு அடுத்த மாதம்வரை காத்திருத்தல் கூடாது. அன்றே குழந்தை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தை தன் துன்பத்தைச் சுபாவ மாறுதலால்தான் தெரிவிக்கும். இடைவிடாத சிணுங்கல், தூக்கினாலும் அடங்காத அழுகை, அல்லது அதற்கு மாறாக, விளையாட்டில் ஆசையற்று எந்நேரமும் கண் செருகிக் கிடத்தல், நடக்கப் பழகிய பிறகு மீண்டும் தவழத் தொடங்குதல், சொல்லிக்கொண்டிருந்த சொற்களை மறத்தல் ஆகியவை கவனத்துக்கு உரியவை. முன்னேறிய குழந்தை பின்னே போவது எந்த வியாதியிலும் அலட்சியம் செய்யத்தக்க காரியமன்று. வெகு அபூர்வமாக, நன்றாகப் பால் குடித்தும், முகம் மலர்ந்து சிரித்தும், உடம்பு மட்டும் எலும்பும் தோலுமாக இளைத்துக்கொண்டே போகும் குழந்தைகளும் உண்டு. மூளையின் நடு அடிப்பாகத்தில் தோன்றும் கட்டி அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

இங்கே நம் ஊர் வழக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாந்தம் என்றும், தொக்கம் என்றும், உரம் விழுந்தது என்றும், திருஷ்டி பட்டது என்றும் சொல்லி நாம் செய்யும் பரிகாரங்களில் சில தீங்கற்றவை. உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதால் குழந்தைக்கு ஒரு கேடும் வரப்போவதில்லை, பாட்டிக்கு மன ஆறுதலும் கிடைக்கிறது. ஆனால் சாய்ந்த கழுத்தை வலிந்து திருப்பிச் சுளுக்கு எடுப்பதும், குழந்தையைச் சேலையில் இட்டு உருட்டுவதும் அப்படிப்பட்டவையல்ல. தலை சாய்ந்திருப்பதற்குக் காரணம் தசையின் பிடிப்பு அல்லாமல் உள்ளே இருக்கும் அழுத்தமாக இருப்பின், கழுத்தை முறுக்குவது பேரபாயத்தை வரவழைக்கும். காரணம் தெரியாத கழுத்துச் சாய்வில் யாரும் கை வைக்க இடம் தரலாகாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கண்ணும் கழுத்தும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. கண்ணை வெளிப்புறம் திருப்பும் நரம்பு மண்டையோட்டின் அடியில் நெடுந்தூரம் ஓடுவதால், உள்ளழுத்தம் ஏறும்போது முதலில் தளர்ந்துவிடுகிறது. கண் மூக்கை நோக்கிச் செருகுகிறது, பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரிகிறது. இரட்டைத் தோற்றத்தைத் தவிர்ப்பதற்காகவே சில குழந்தைகள் தலையை ஒரு பக்கம் சாய்த்தோ திருப்பியோ வைத்துக்கொள்கின்றன. பெரியவர்களைப் போல, “எனக்கு இரண்டு இரண்டாகத் தெரிகிறது” என்று சொல்லத் தெரியாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கும் சிறுமியை, சேட்டை செய்கிறாள் என்று கடிந்துகொள்கிறோம். பிறந்தது முதல் உள்ள மாறுகண் வேறு. நேற்றுவரை நேராக இருந்த கண் இன்று திரும்பியிருப்பது வேறு. எப்போது தொடங்கிற்று என்று ஐயம் வந்தால், கைபேசியில் இருக்கும் பழைய படங்களை வரிசையாகப் பார்த்தால் போதும். பிறந்தநாள் படத்தில் நேராக நின்ற தலை பொங்கல் படத்தில் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும்.

சந்திரனில் முதன்முதலாகக் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மகள் காரென், 1961-ம் ஆண்டு ஜூன் மாதம், தன் இரண்டாம் வயதில், சியாட்டில் நகரத்துப் பூங்கா ஒன்றில் தடுக்கி விழுந்தாள். தலையில் பட்ட அடியின் விளைவு என்றே முதலில் எண்ணப்பட்டது. ஆனால் அவளுடைய கண்கள் சரியாக அசையாததைத் தாய் கவனித்துவிட்டாள். சில நாட்களில் நடையும் பேச்சும் குழறத் தொடங்கிய பின், மூளைத்தண்டில் கட்டி இருப்பது தெரிய வந்தது. 1962 ஜனவரியில் குழந்தை இறந்துபோயிற்று. விழுந்ததால் கட்டி உண்டாவதில்லை. கட்டி இருப்பதால் நடை தவறி விழுதல் உண்டு. கீழே விழுந்த நாளிலிருந்துதான் இப்படி என்று பெற்றோர் சொல்லும் பல கதைகளில் காரணமும் காரியமும் இடம் மாறிக் கிடக்கின்றன. மூளைத்தண்டில் ஊடுருவிப் பரவும் அவ்வகைக் கட்டிக்கு இன்றைக்கும் தீர்வு இல்லை என்பதையும், தாய் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தாலும் சில குழந்தைகளைக் காப்பாற்ற முடிவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

நடையிலும் கையிலும் தோன்றும் மாறுதல்களை அறிய வீட்டிலேயே சில எளிய உபாயங்கள் உண்டு. தரையில் பதித்த கற்களின் கோட்டின்மேல், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்களைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லலாம். ஐந்தாறு வயதான பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் செய்து இரு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறானா என்று பார்க்கலாம். தன் மூக்கின் நுனியையும் எதிரே நீட்டிய உங்கள் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னால், சிறுமூளை கெட்ட குழந்தையின் கை இலக்கை நெருங்கும்போது நடுங்கும், அல்லது தாண்டிப் போகும். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு சுவர் நாட்காட்டியின் எண்களைப் படிக்கச் சொல்லலாம். இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த சாட்சி பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். ஜூன் மாதத்து எழுத்தையும் நவம்பர் மாதத்து எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளையின் எழுத்து மாதம் செல்லச் செல்லத் திருந்துவதே இயற்கை, சிதைவது இயற்கையன்று. சட்டைப் பொத்தானை மாட்டத் தெரிந்தவன் மாட்ட முடியாமல் திணறுவதும், எப்போதும் வலக்கையால் உண்பவன் இடக்கைக்கு மாறுவதும் அதே இனத்தைச் சேர்ந்தவை. இச்சோதனைகளில் தேறிவிட்டான் என்பதற்காக, தொடரும் வாந்தியை அலட்சியம் செய்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வலிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை கடுங்காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் தீங்கற்றது. காய்ச்சல் இல்லாமல் வரும் முதல் வலிப்புக்குக் காரணம் தேடியே ஆகவேண்டும். கண நேரம் வெறித்துப் பார்த்து நிற்பதும், ஒரு கை மட்டும் துடிப்பதும்கூட வலிப்பின் வகைகளே. நம் நாட்டில், காசநோயால் மூளையில் உண்டாகும் கட்டியும், நாடாப்புழுவின் முட்டை உணவோடு உள்ளே போய் மூளையில் கூடு கட்டுவதும் குழந்தைகளின் வலிப்புக்குச் சாதாரணக் காரணங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. பன்றி இறைச்சியைத் தொடாத வீட்டிலும், கழுவாத கீரையாலும் கையாலும் அந்த முட்டை வந்து சேரும் என்பதால், நாங்கள் சைவம் என்று யாரும் நிம்மதி கொள்வதற்கில்லை. வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கும் வீண் வேலையில் இறங்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108-க்குத் தொலைபேசி செய்துவிட வேண்டும். அருகில் இருப்பவர் கைபேசியில் அதைப் படம் பிடித்துவைத்தால், வைத்தியருக்கு அது பத்து நிமிஷப் பேச்சைவிட உபகாரமாக இருக்கும்.

பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளிடம் வேறு சில குறிகள் சேர்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை ஒட்டித் தோன்றும் கட்டி, வளர்ச்சியைத் தடுக்கும். பருவம் எய்துவது தாமதப்படும், அல்லது தொடங்கிய மாறுதல்கள் நடுவில் நின்றுவிடும். ஓயாத தாகமும், இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழித்தலும் நீரிழிவில் மட்டுமே வருவனவல்ல. சர்க்கரைச் சோதனை சரியாக இருந்தும் அவை நீடித்தால் இந்தத் திசையிலும் நோக்க வேண்டும். இருபுறத்துப் பார்வையும் ஓரங்களில் குறைந்துவிடுவதால், கதவு நிலையில் இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வரும் சைக்கிளைக் காணாமல் போவதும் உண்டு. வயசுக் கோளாறு என்று நாம் தள்ளிவிடும் மந்தமும் முன்கோபமும் சில சமயம் இதன் பகுதியாகவே இருக்கும். பிறந்தது முதல் உடம்பில் காப்பி நிறத் தேமல்கள் ஆறோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளுக்கு, கண் நரம்பில் கட்டி தோன்றும் ஒரு பரம்பரை வியாதி இருக்கக்கூடும். அவர்களுக்குக் குறி ஒன்றும் இல்லாதபோதே ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துவருவது முறை.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்ற கேள்விக்கு, ஆங்கிலேய வைத்தியர்கள் வகுத்த கணக்கு நமக்கும் பொருந்தும். நான்கு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டேனும் தொடரும் தலைவலியும், இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் குமட்டலும் வாந்தியும், நீடித்தவை என்று கொள்ளத்தக்கவை. தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் தலைவலிக்கும், நான்கு வயது நிறையாத குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு அழுவதற்கும் அவ்வளவு அவகாசம் தரவேண்டியதில்லை. புதிதாகக் கண் திரும்பினாலும் நடை தடுமாறினாலும் அந்த வாரத்திலேயே காட்டவேண்டும். ஒரு குறி மட்டும் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு குறிகள் சேர்ந்தால் தாமதமின்றிப் போக வேண்டும் என்பதே சுருக்கம். கடுந்தலைவலியோடு எழுப்பினாலும் விழிக்காத மயக்கமோ, திடீரென்று பார்வை மறைவதோ, ஒரு பக்கத்துக் கைகால் சோர்வதோ கண்டால், குடும்ப வைத்தியரைத் தேடிக்கொண்டிராமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே நேரே செல்லுங்கள்.

வைத்தியர் முன் பேசுவதும் ஒரு கலை. “பையனுக்கு வாந்திங்க” என்று மட்டும் சொன்னால், வாசலில் முப்பது பேர் காத்திருக்கும் வைத்தியர் வாந்திக்குத்தான் மருந்து எழுதுவார். “மூணு வாரமாக் காலையில எழுந்ததும் வாந்தி எடுக்கிறான் டாக்டர், வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை, போன வாரத்திலிருந்து கரும்பலகை ரெண்டாத் தெரியுதுங்கிறான், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாயறான்” என்று சொன்னால், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். இதற்காகவே ஒரு சிறு நோட்டில் தேதி, நேரம், என்ன கண்டோம் என்பதை எழுதிவருவது நல்லது. ஊகங்களை எழுத வேண்டாம். கண்டதை மட்டும் எழுதினால் போதும். முன்பு காட்டிய வைத்தியர்களின் சீட்டுகளையும், அவர்கள் வேறு துறையினராயினும், அந்த நோட்டிலேயே சேர்த்துத் தைத்துவையுங்கள்.

அடுத்து, “கண்ணுக்குள்ளே பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் உலகுக்கு அளித்த கண்ணோக்கி என்னும் சிறு கருவியால், விழியின் உட்சுவரில் கண் நரம்பு வந்து சேரும் இடம் வீங்கியிருக்கிறதா என்று சில நிமிஷங்களில் பார்த்துவிடலாம். மூளையின் அழுத்தம் ஏறியிருப்பதை வெளியிலிருந்து நேரில் காணும் வாயில் அது ஒன்றே. தாலுகா ஊரின் கண் வைத்தியரிடமும் அந்தக் கருவி இருக்கிறது, செலவும் அற்பம். ஆனால் முன்னே சொன்ன நாட்டிங்ஹாம் தொகுப்பில் இந்த வீக்கம் 13 சதவீதத்தினரிடமே பதிவாகியிருந்தது என்பதால், வீக்கம் இல்லை என்ற விடை, கட்டி இல்லை என்ற விடையாகாது.

உறுதி செய்வது ஸ்கேன்தான். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த சி.டி. இயந்திரம், 1971 அக்டோபர் முதல் தேதி லண்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூளைக்கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணியின் தலையைத்தான் முதன்முதலில் படமெடுத்தது; அதற்கு முன் மண்டையைத் திறக்காமல் மூளையைக் காண நேரான வழி இருக்கவில்லை. சி.டி. சில நிமிஷங்களில் முடியும், அவசரத்துக்கு உகந்தது, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் கிடைப்பது. எக்ஸ்ரே கதிர்களைப் பயன்படுத்துவதால் காரணமின்றித் திரும்பத் திரும்ப எடுக்கத்தக்கதன்று. எம்.ஆர்.ஐ. காந்த சக்தியால் இயங்குவது, கதிர்வீச்சு அற்றது, பின்தலையின் அடிப்பாகத்தைத் தெளிவாகக் காட்டுவது. ஆனால் அரைமணிக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். அதன் பெரும் சத்தத்துக்குப் பிள்ளையை முன்னாலேயே தயார்ப்படுத்துங்கள். முதலில் எடுத்த சி.டி. சரியாக இருந்தும் குறிகள் தொடர்ந்தால், “ஸ்கேன் நார்மல்” என்ற சீட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டுச் சும்மா இருக்கலாகாது. மீண்டும் போய், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

கட்டி என்று தெரிந்தபின் நடக்கவேண்டியவை மற்றோர் அத்தியாயத்துக்கு உரியவை. ஒன்றிரண்டு மட்டும் இங்கே. எல்லாக் கட்டியும் புற்றுநோயன்று. சிறுமூளையில் தோன்றி மெதுவாக வளரும் ஒருவகைக் கட்டியை முழுதும் அகற்றிவிட்டால், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். சீக்கிரம் கண்டால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வேகமாக வளரும் தீய கட்டிகள் சில, எவ்வளவு விரைந்து கண்டாலும் வைத்தியத்துக்கு அடங்குவதில்லை. ஆயினும் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை, அழுத்தத்தால் நைந்த மூளை முழுதும் தேறுவதில்லை. தாமதத்தால் வரும் இந்த நஷ்டங்களைத் தவிர்க்கலாம். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூரில் தொடங்கினார்; அதற்கடுத்த ஆண்டில் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்தகைய துறையைத் தொடங்கினார்; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. ஆகவே சிகிச்சைக்காகக் கடல் கடக்கவேண்டிய நிலையில் தமிழ்நாட்டார் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

கர்ப்பகாலத்தில் தாய் எதையோ தின்றதாலும், குழந்தை கட்டிலிலிருந்து விழுந்ததாலும், யாரோ கண் வைத்ததாலும் இந்த வியாதி வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. தலையில் முன்பு கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சையும், சில பரம்பரை நோய்களும் மட்டுமே காரணமென்று நிச்சயமாக அறியப்பட்டவை; பெரும்பாலான குழந்தைகளுக்கு அவை எவையும் இருப்பதில்லை. மருமகளைக் குற்றம் சொல்ல இடம் தேடும் மாமியார்கள் இந்தப் பத்தியை இருமுறை வாசிக்கலாம்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உங்களிடமே கழிகிறது. நாற்பது பேரின் நடுவே ஒருவன் மட்டும் மாறிப்போவதைப் பெற்றோருக்கும் முன்னே காணக்கூடியவர்கள் நீங்கள். நன்றாக எழுதியவன் கிறுக்கத் தொடங்கினால், பின்வரிசையில் அமர்ந்திருந்தவன் கரும்பலகையின் அருகே வந்து கண்ணை இடுக்கினால், விளையாட்டு மணியில் முதலில் ஓடியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், தண்டிப்பதற்கு முன், தேதியிட்டு ஒரே ஒரு வரி அவனுடைய டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். பெற்றோர் தைத்துவைத்திருக்கும் நோட்டில் அந்த வரியும் சேரட்டும்.